காத்து போகாத துருத்தி

என் மாமியார் வீடு மல்லாக்கச் சாய்ந்ததற்கு நான் காரணமில்லை. செல்போன்தான் காரணம்.

வீடு ராயபுரத்தில், மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. எதிரெதிரே இரண்டு ஸ்கூட்டர் வந்தால் ஒருத்தர் காலைத் தூக்கிக்கொள்ள வேண்டிய அகலம். தரைவீடாக இருந்ததை அத்தை ஒண்டியாக நின்று மாடி எழுப்பினார். முகப்பு முழுக்க நீல டைல்ஸ், உச்சியில் சிமெண்டுச் சிலுவை. கோயில் சாமியார் வந்து ஜெபித்து வீட்டை மந்திரித்துவிட்டுப் போன அன்றைக்கு ஆளாளுக்குப் போனில் படம் எடுத்தார்கள். சந்தில் பின்னால் போக இடமில்லை. சிலுவை படத்துக்குள் வரவேண்டுமென்றால் போனை வானத்தைப் பார்த்துச் சாய்க்க வேண்டும். போனைச் சாய்த்தால் படத்தில் வீடும் சாயும். ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே வந்த அத்தையின் முகம் சுருங்கியது.

"இன்னாது இது? எவ்ளோ பாடுபட்டு கட்னேன், ஊத்திகினு வுழறவன் மாதிரி கீது வூடு."

யாரும் பேசவில்லை. பேசாமல் இருந்தவர்களில் நானும் ஒருவனாக இருந்திருக்கலாம்.

"அதுக்குன்னு ஒரு கேமரா இருக்கு அத்தை. வீடு நட்டுக்குத்தா நிக்கும். என்கிட்டயே இருக்கு," என்றேன்.

என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். ஜெபம் இல்லை.

கேமரா இருந்தது உண்மை. பழைய சாமான் சந்தையில் கிடைத்த மரக் கேமரா. திருவொற்றியூரில் எங்கள் வீட்டுப் பரணில், கிழிந்த பெட்ஷீட் சுற்றிக்கொண்டு படுத்திருந்தது. முன்னால் லென்ஸ் மாட்டிய பலகை, பின்னால் தேய்த்த கண்ணாடி, இரண்டுக்கும் நடுவே மடிப்பு மடிப்பாக ஒரு துருத்தி. எடுக்கிறவன் தலைமேல் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு அந்தக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். கேமராவைச் சாய்க்காமல் லென்ஸ் பலகையை மட்டும் மேலே தூக்கலாம். வீடு நிமிர்ந்தபடி படத்துக்குள் வரும். இதை நான் மனைவிக்குப் பலமுறை விளக்கியிருக்கிறேன். அவள் ஒவ்வொரு முறையும் கேட்டது ஒரே கேள்வி: "சரி, இத எங்க வெக்கிறது?"

அத்தைக்குப் பிள்ளைகள் நாலு பேர். மூத்தவர், என் மச்சான், கப்பலில் வேலை பார்க்கிறவர். அடுத்தவள் என் மனைவி. ஒருத்தி குவைத்தில், கடைக்குட்டி கோயமுத்தூரில். ஒருத்தர் வந்தால் இன்னொருத்தர் நடுக்கடலில் இருப்பார். இரண்டு மாதம் கழித்து வரும் கோயில் திருவிழா ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு பேரும் வருகிறார்கள் என்று முடிவாகியிருந்தது. திங்கட்கிழமை மச்சான் மறுபடி கப்பலேறுகிறார். அடுத்து எப்போது இப்படி அமையும் என்று மாதாவுக்குத்தான் தெரியும்.

"நாலு பேரும், பேரப்புள்ளிங்களும், வூடும். மேல சிலுவைலேர்ந்து கீழ வாசப்படி வரைக்கும்," என்றார் அத்தை. பிறகு என்னை மட்டும் பார்த்து, "நேரா," என்றார்.

நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரன்.

வீட்டுக்கு வந்து கேமராவை இறக்கி, துருத்தியை இழுத்துப் பார்த்தேன். ஒரு கரப்பான்பூச்சி குடும்பம் வெளியே வந்து என்னை முறைத்துவிட்டுத் துணி பீரோவுக்குக் குடிபெயர்ந்தது. துருத்தியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு: உள்ளே பல்பைத் தொங்கவிட்டு, அறையை இருட்டாக்கிப் பார்ப்பது. இருட்டானதும் எரிகிற பல்பைத் துருத்திக்குள் விட்டு ஜன்னலோரமாகத் தொங்கவிட்டேன். வானத்தில் இருக்கிற நட்சத்திரம் எல்லாம் அதில் இருந்தது.

கீழே போய்க்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் நின்று அண்ணாந்து பார்த்தார். "இன்னா மாமு, கிறிஸ்மஸுக்கு இப்பவே ஸ்டாரு கட்டிகினே?"

அன்றைக்கு ஆரம்பித்தது பேஜாரு.

புதுத் துருத்தி தேடுவது பெண்ணுக்கு வரன் பார்ப்பது மாதிரி. தூரத்தில் இருக்கிறதெல்லாம் நன்றாக இருக்கும். முதலில் பழையதையே கறுப்பு டேப்பால் ஒட்டினேன். ஒட்டி முடித்தபோது ஓட்டை இல்லை, மடிப்பும் இல்லை. மாவுக்கட்டு போட்ட கை மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது.

அடுத்து இன்டர்நெட்டில் வெளிநாட்டு வரன். துணியில் செய்தது, அழகு, அடக்கம். ஆனால் அளவு கேட்டார்கள்: முன்சட்டம், பின்சட்டம், விரித்தால் எவ்வளவு, மடக்கினால் எவ்வளவு. காலையில் அளந்தேன், மதியம் அளந்தேன், சாயங்காலம் அளந்தேன். மூன்றும் மூன்று அளவு. கடல் ஈரத்தில் மரம் ஊதுகிறதா, என் கை நடுங்குகிறதா என்று கண்டுபிடிக்க இன்னொருத்தர் வேண்டும். மனைவியைக் கூப்பிட்டேன். "திருவிழாக்குள்ள வருமா அது?" என்று கேட்டாள். அதை நான் பார்க்கவே இல்லை. வராது.

பெரம்பூரில் ரயில்பெட்டி வேலை பார்க்கும் தோஸ்து ஒருத்தன் இருக்கிறான். அவனிடம் புலம்பினேன்.

"ரெண்டு கோச்சுக்கு நடுவுல மாட்டுவாங்களே ரப்பர் துருத்தி, அது வேணுமா மாமு? நீயே உள்ள பூந்து நின்னு படம் எடுக்கலாம். டிடிஆர் மட்டும் வராம பாத்துக்கோ."

கிண்டல் முடிந்ததும் அவனே வேறொரு உடைந்த கேமராவிலிருந்து கழற்றிய துருத்தியைக் கொண்டுவந்து கொடுத்தான். நல்ல தோல், பிசிறில்லை, இழுத்தால் எங்கள் ஹால் முழுக்க நீண்டது. ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் நீளமான துருத்தியை மடக்கினால் தலையணை கனத்துக்கு நிற்கும். சந்து குறுகல் என்பதால் அகலமாகப் பார்க்கிற லென்ஸ்தான் போட வேண்டும். அந்த லென்ஸோ பின் கண்ணாடிக்கு ஒட்டினாற்போல் வந்து நின்றால்தான் படம் தெளியும். நடுவே தலையணை இருந்தால் எப்படி ஒட்டும்? அதோடு வீட்டின் உயரத்துக்காக லென்ஸைத் தூக்கும்போது துருத்தியும் கூடவே வளைய வேண்டும். ஆக எனக்கு வேண்டியது குட்டையான, மெத்தென்ற துருத்தி. இந்த ஒரு விஷயத்தில் நான் சரியாக யோசித்தேன். இந்தக் கதையில் என் பெருமை இத்துடன் முடிகிறது.

டோல்கேட் ஸ்டாப்பில் இறங்கி உள்ளே போனால் ஆர்மோனியம் ரிப்பேர் பார்க்கும் ஒருத்தர் கடை இருந்தது. அடக்கம் என்ற சொல்லையே கேள்விப்படாத மனிதர். வட சென்னையில் எந்தக் கோயில் ஆர்மோனியம் சுதி சேர்ந்து பாடினாலும் அது தன் கை என்பார். சேராவிட்டால் பாடுகிறவன் தொண்டை என்பார். நான் கேமராவைக் காட்டினேன். ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"துருத்தின்னா துருத்திதான் நைனா. அது பாடுனா இன்னா, படம் புடிச்சா இன்னா?"

"மெத்துன்னு இருக்கணும். குட்டையா இருக்கணும். முக்கியமா, வெளிச்சம் உள்ள போகக் கூடாது."

அவர் சிரித்தார். "நான் தெச்சா காத்தே போவாது. காத்தே போவாத எடத்துல வெளிச்சம் எப்டி நைனா போவும்?"

எவ்வளவு நேரம் யோசித்தும் இந்த வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. ஓட்டை இல்லாததுதானே எனக்கு வேண்டும்? அங்கேயே முடிவு செய்துவிட்டேன். மெல்லிய ஆட்டுத்தோல், உள்ளே இரட்டைக் கறுப்புத் துணி.

வாங்கப் போன அன்று, அவர் ஒரு பக்கத்தை மேஜையில் அழுத்தி வைத்து, இன்னொரு பக்கத்தை உள்ளங்கையால் மூடி அமுக்கிக் காட்டினார். துருத்தி பூரி மாதிரி உப்பிக்கொண்டு நின்றது. "பாத்தியா? நாளைக்கு வந்து பாரு, இப்டியேதான் நிக்கும்." பயந்து ஓடியிருக்க வேண்டிய இடம் அது. நான் கைதட்டினேன்.

வீட்டில் மாட்டி பல்பு சோதனை. ஒரு புள்ளி கிடையாது. அடுத்த நாள் மொட்டைமாடியில் முன்னே பின்னே தள்ளிப் பார்த்தேன். வெண்ணெய். லென்ஸ் பலகை மாட்டியிருக்கவில்லை. கடல் காற்றில் பூஞ்சை பிடிக்கும் என்று லென்ஸைப் பலகையோடு அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்திருந்தேன். அதனால் முன்பக்கம் திறந்துகிடந்தது. காற்று தாராளமாகப் போய்வந்தது. எனக்கு அது உறைக்கவில்லை.

திருவிழா ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்து எல்லாரும் சந்தில் கூடினார்கள். வண்டிகளை அப்புறப்படுத்தியாயிற்று. நான் எதிர்வீட்டுச் சுவரோடு சுவராகக் கேமராவை நிறுத்தினேன். இன்னும் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருந்ததால் ஸ்டாண்டின் ஒரு கால் எதிர்வீட்டுக்குள் போயிற்று.

"உன் பொட்டி காலு எங்க டிவிய மறைக்குதே," என்றார் எதிர்வீட்டு அக்கா. பட்டனை அமுக்குகிற வேலையை அவருக்கே கொடுத்து சமாதானம் செய்தேன். படத்தில் நானும் நிற்க வேண்டும் என்பது அத்தையின் கட்டளை. மனைவிக்குப் பக்கத்தில் எனக்கு ஓர் ஆள் அளவு இடம் விட்டிருந்தார்கள். எல்லாம் தயார் செய்துவிட்டு நான் ஓடிப்போய் நின்றுகொள்வேன், அக்கா அமுக்குவார். அதுதான் திட்டம்.

துணிக்குள் புகுந்தேன். இந்தக் கேமராவில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். மாமியார் குடும்பம் முழுக்க வௌவால் மாதிரி தொங்கியது. லென்ஸைத் தூக்கினேன், சிலுவை உள்ளே வந்தது. வீடு சாயவில்லை, நட்டுக்குத்தாக நின்றது. எனக்கே கண் கலங்கியது. இனி லென்ஸ் பலகையைப் பின்னால் தள்ளித் தெளிவாக்க வேண்டியதுதான் பாக்கி.

தள்ளினேன். படம் தெளிந்தது. கையை எடுத்தேன். பலகை மெதுவாக, மரியாதையாக, தானே முன்னால் நகர்ந்து போயிற்று. படம் மங்கியது.

மறுபடி தள்ளினேன். மறுபடி போயிற்று. பழைய கேமரா, திருகாணி தேய்ந்தது, முறுக்கினாலும் பிடிக்கவில்லை. முன்னால் லென்ஸ் அடைப்பு, பின்னால் கண்ணாடி அடைப்பு, நடுவே காற்றுப் போகாத துருத்தி. உள்ளே மாட்டிக்கொண்ட காற்று அதை அமுக்கவே விடவில்லை. அமுக்கினால் பெருமூச்சு விட்டுக்கொண்டு திரும்பி வந்தது.

அப்போது நான் என்ன செய்தேன் என்றால், ஒன்றும் செய்யவில்லை. கறுப்புத் துணிக்குள் ஒரு வசதி உண்டு: முகம் யாருக்கும் தெரியாது. அங்கேயே நின்றேன். வேர்வை மூக்கு நுனியில் சொட்டியது. மார்பு துருத்தியைவிட வேகமாக ஏறி இறங்கியது. துணிக்குள்ளேயே நடந்து தெருமுனை வரைக்கும் போய் பஸ் ஏறிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

வெளியே குரல்கள் ஆரம்பித்தன.

"இன்னா மாமா, உள்ள தூங்கிகினு கீறியா?" இது கடைக்குட்டி.

"மச்சான், எங்க கப்பல்ல இந்நேரம் நங்கூரமே தூக்கியிருப்பாங்க!" இது மூத்தவர்.

"சும்மா இருங்கடா. மாப்ள நேரா வெக்கிறாரு," என்றது அத்தையின் குரல். அதுதான் என்னை இன்னும் கொன்றது.

சட்டென்று துணி விலகி, மல்லிகைப்பூ வாசனையோடு என் மனைவியின் தலை உள்ளே வந்தது. வெளியே நான் அவளுக்கு 'ஏங்க'. துணிக்குள் வேறு.

"யோவ். இன்னா ஆச்சி?"

"மூச்சு விடுது."

"யாரு?"

"கேமரா."

"அது வுடுதா நீ வுடுறியா? ஏன் இப்டி வேர்த்துகினு கீறே?"

"நீ போய் நில்லு, நான் பாத்துக்கறேன்."

"இன்னாத்த பாத்துப்பே? எங்கம்மா நாலு பேரையும் இஸ்துகினு வந்து நிக்க வெச்சிருக்கு. அண்ணன் நாளைக்கி போயிடும். எப்ப வரும்னு அதுக்கே தெரியாது. சொல்லு, இன்னா ஆச்சி?"

பலகையைத் தள்ளிக் காட்டினேன். அது திரும்பி வந்தது. அவள் துருத்தியின் அடியில் கை வைத்துப் பார்த்தாள்.

"காத்து அடைச்சிகினு கீது. ஒரு ஓட்டை போடு."

"ஓட்டையா! மாசக்கணக்கா ஓட்டை இல்லாத துருத்தி தேடி அலைஞ்சவன்டீ நான்!"

"நீ போடுறியா, நான் போடட்டா?"

என் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. தோளில் முந்தானையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினாள். துருத்தியின் அடிப்பக்கம், ஒரு மடிப்பின் பள்ளத்தில் ஓங்கிக் குத்தினாள். ஆட்டுத்தோல் சாதாரணமாக இடம் கொடுக்கவில்லை. ஊக்கைத் திருகி அகலமாக்கினாள். நான் பலகையைத் தள்ளினேன். உஸ்ஸ்ஸ் என்று நீளமாக ஒரு சத்தம் கிளம்பியது. சந்து முழுக்கக் கேட்டது.

"பஞ்சர்!" என்று கத்தினான் ஒரு பொடியன். பேரப்பிள்ளைகள் சுருண்டு சிரித்தார்கள். பலகை நின்ற இடத்திலேயே நின்றது.

"துணிய ஓட்டை மேல சுத்திவுடு," என்று சொல்லிவிட்டு அவள் முந்தானையைத் தோளில் கையால் பிடித்துக்கொண்டே போய் நின்றாள்.

கறுப்புத் துணியைத் துருத்திக்குச் சுற்றினேன். என்னிடம் இரண்டே ஃபிலிம்தான் இருந்தது. முதல் ஃபிலிமைச் செருகி, ஓடிப்போய் என் இடத்தில் நின்று, எதிர்வீட்டு அக்காவுக்குக் கையசைத்தேன். அக்கா அமுக்கினார். எல்லாரும் கைதட்டினார்கள். திரும்பி வந்து பார்த்தால், ஃபிலிமை மூடியிருக்கும் தகட்டை நான் உருவவே இல்லை. உலகத்திலேயே பத்திரமான ஃபிலிம் அது. ஒரு துளி வெளிச்சமும் படவில்லை.

"சேஃப்டிக்கு இன்னொண்ணு எடுத்துரலாம்," என்றேன் எல்லாரையும் பார்த்து.

இரண்டாவது ஃபிலிமைச் செருகினேன். தகட்டை உருவினேன். உருவினேனா என்று தொட்டும் பார்த்தேன். ஓடத் திரும்பும்போது கடல் காற்று சந்துக்குள் புகுந்து துணியின் ஓரத்தைத் தூக்கியது. பாய்ந்து பிடித்துக்கொண்டேன். இனி நகர முடியாது.

"மாப்ள, ஓடியாங்க! எடம் கீது!"

"பரவால்ல அத்தை! நீங்க நெருங்கி நில்லுங்க!"

"யாரும் நெருங்காதீங்க. வருவாரு," என்றார் அத்தை.

அந்த நம்பிக்கையோடுதான் அவர்கள் அப்படியே ஆடாமல் நின்றார்கள். படத்துக்கு வேண்டியதும் அதுதான். "அமுக்கு அக்கா!" என்றேன். அமுக்கினார். அந்த நேரத்தில் துணியின் இன்னொரு ஓரம் கிளம்பியதோ என்று ஒரு சந்தேகம். சந்தேகத்தை மனைவியிடம் சொல்லவில்லை.

மறுநாள் மச்சான் கப்பலேறப் போனார். நான் ஃபிலிமைக் கழுவ பாத்ரூமுக்குள் போனேன். வெளியே மகள் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். ஃபிலிமை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தபோது, முதலில் வீட்டைத்தான் பார்த்தேன். நேராக இருந்தது. சிலுவையிலிருந்து வாசப்படி வரைக்கும் தூக்குக்குண்டு பிடித்த மாதிரி. மூத்தவர், என் மனைவி, குவைத்துக்காரி, கடைக்குட்டி, நாலு பேரும் மூக்கும் முழியுமாக இருந்தார்கள். என் மனைவி மட்டும் தோளில் கை வைத்து, கோர்ட்டில் சத்தியம் செய்கிறவள் மாதிரி நின்றாள். நடுவில் அத்தை, சிரிக்காமல்.

எனக்காக விட்டிருந்த இடத்தில், ஊக்கு ஓட்டை வழியாகப் புகுந்த வெளிச்சம் ஓர் ஆள் உயரத்துக்குக் கறுப்பாகப் படிந்திருந்தது; பிரின்ட் போட்டால் அதுதான் வெள்ளை. கொஞ்சம் வழிந்து குவைத்துக்காரி புருஷனின் ஒரு காதையும் தின்றிருந்தது.

டோல்கேட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். ஆர்மோனியக்காரர் துருத்தியைத் திருப்பி, ஓட்டையைப் பார்த்து, நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "நான் காத்து போவாம தெச்சேன். நீ ஓட்டை போட்டே, வெளிச்சம் பூந்துச்சி. நான் சொன்னது கரெக்டா இல்லையா நைனா?"

அந்த வாதத்திலும் என்னால் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை.

படத்தைப் பெரிதாகப் போட்டு அத்தையிடம் கொடுத்தேன். அந்த வெள்ளைக்கு என்ன பதில் சொல்வது என்று வழியெல்லாம் மூன்று நான்கு பொய் தயாரித்து வைத்திருந்தேன். அத்தை ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து, வாசப்படியிலிருந்து சிலுவை வரைக்கும் மெதுவாகக் கொண்டுபோனார். பிறகு நாலு முகத்தையும் ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"நேரா கீது," என்றார்.

இப்போது அது அத்தை வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. போன வாரம் நான் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தெரு ஜெபக்குழுவான அன்பியத்திலிருந்து வந்த ஒரு அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "எல்லாரும் கீறாங்க, உங்க பெரிய மாப்ளய காணோமே?" என்று கேட்டார்.

"தோ, எங்க பொண்ணு பக்கத்துல வெள்ளையா நிக்கிறாரு பாரு, அவருதான்," என்றார் அத்தை. "வர்றேன்னாரு. வந்துட்டாரு."

அந்த அம்மா படத்துக்குக் கிட்டே போய் உற்றுப் பார்த்த சத்தம், நாற்காலி நகர்ந்த சத்தம், எல்லாம் கேட்டது.

"ஆமா," என்றார் கடைசியில். "கொஞ்சம் எளச்சிட்டாரு."